மேல்பூச்சு எல்லாம் மாய்மாலமா?



மத்தேயு 23-ம் அதிகாரத்திலுள்ள வெள்ளையடித்த கல்லறையைப் பற்றிப் பிரசங்கித்தால் போதும், சபையில் ஆமென் சத்தம் பலமாக வரும். (பாதிப் பேர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரை நினைத்துத்தான் ஆமென் சொல்லுகிறார்கள்!) ஆனால் அந்த ஒரு வசனத்தை வைத்து, மேலே பூசுவது, ஒட்டுவது எல்லாமே பொய் என்று சொல்லிவிடலாமா? இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவர் நம் சபையில் ஒரு தச்சுவேலைக்காரச் சகோதரன். பழைய வெளிநாட்டு ஸ்பீக்கர் பெட்டிகளைப் புதுப்பித்துக் கொடுப்பது அவர் பிழைப்பு. "பாஸ்டர், உள்ளே இருக்கிறது மரத்தூள் பலகைங்க. மேலே மெல்லிசா தேக்கு ஒட்டி பளபளன்னு ஆக்கிக் கொடுக்கிறேன். இதுவும் மாய்மாலந்தானே?" என்றார். தொழிலையே விட்டுவிடலாமா என்கிற அளவுக்கு மனதில் குத்தப்பட்டிருந்தார். மூன்று பிள்ளைகள் படிக்கிற வீடு, பிரியமானவர்களே! இது விளையாட்டுக் கேள்வி அல்ல.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் பாருங்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரத்தில் எட்கர் வில்ச்சர் என்பவர் 1954-ல் 'அக்கூஸ்டிக் ரிசர்ச்' என்ற கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவர். அவர் முறைப்படி செய்த ஸ்பீக்கரில் பெட்டி காற்றுப் புகாமல் மூடியிருக்கவேண்டும். உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் போல வேலை செய்கிறது. முழு மரப் பலகை மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், நாளாவட்டத்தில் மூட்டு விடும். அதற்கு அசையாமல் நிற்கிறது பிளைவுட்டும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையும்தான். ஆகவே உள்ளே இருப்பது ஏமாற்று அல்ல, அந்த வேலைக்குத் தகுந்த சரக்கு. மேலே ஒட்டிய வெனீரும் மெய்யான மரம், மெல்லியதாகச் சீவினது, அவ்வளவுதான். 1958-ல் வந்த ஏ.ஆர்-3 என்ற ஸ்பீக்கரை வால்நட் போன்ற மரங்களின் மெருகோடும் விற்றார்கள், மெருகில்லாத வெறும் பெட்டியாகக் குறைந்த விலைக்கும் விற்றார்கள். இரண்டிலும் ஒரே சத்தம். எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று வாங்குகிறவனுக்குத் தெரிந்திருந்தது.

இங்கேதான் அப்போஸ்தலர் 5-ம் அதிகாரம் வருகிறது. அனனியா பணத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டதுதான் பாவம் என்று அநேகர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நிலமும் அவனுடையது, விற்ற பிறகு பணமும் அவன் அதிகாரத்தில்தான் இருந்தது என்று பேதுருவே ஒத்துக்கொள்கிறார். கொஞ்சத்தைக் கொண்டுவந்து, முழுவதும் இதுதான் என்று காட்டினதிலே பொய் பிறந்தது. வெனீர் பொய் சொல்லாது, விற்கிறவன் வாய்தான் சொல்லும். மரம்போல அச்சடித்த வினைல் தாள் ஒட்டிய ஸ்பீக்கர்களும் பிற்பாடு ஏராளமாக வந்தன. வினைல் என்று சொல்லி விற்றால் அதிலும் குற்றமில்லை.

இந்தச் சகோதரனுக்கும் அப்படி ஒரு சோதனை வந்தது. ஒரு வியாபாரி வினைல் பெட்டி ஒன்றைக் கொடுத்து, "இதை உரிச்சிட்டு வால்நட் ஒட்டிடுங்க, கம்பெனி ஒரிஜினல்னே வித்துக்கறேன்" என்று சொல்லி இரட்டிப்புக் கூலி பேசினாராம். ஒட்டுவது பாவமில்லை, ஆனால் 'புது வெனீர்' என்று பில்லில் எழுதிக் கொடுங்கள் என்று நான் சொன்னேன். எழுதுவேன் என்றார், வியாபாரி பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மாதம் அவர் வீட்டில் நெருக்கம்தான். அதை நான் மறைக்க விரும்பவில்லை.

இன்னொரு காரியமும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பலகைக்கு ஒரு பக்கம் மட்டும் வெனீர் ஒட்டினால், ஈரம் ஒரு மாதிரியாக ஏறி, நாளடைவில் வளைந்துவிடும். ஆகையால் நல்ல வேலைக்காரன் யாரும் பார்க்காத உட்பக்கத்திலும் ஒட்டுவான். இதைக் கேட்டதும் எனக்கு யாத்திராகமம் 25-ம் அதிகாரம் ஞாபகம் வந்தது. உடன்படிக்கைப் பெட்டி சீத்திம் மரம். அதைப் பொன்னால் மூடச் சொன்னவர் கர்த்தரே! வெளியே மாத்திரம் அல்ல, உள்ளேயும். மூடி போட்ட பெட்டிக்குள்ளே பொன் இருந்ததை எந்தக் கண் கண்டது? மூடுவதே மாய்மாலமென்றால் தேவன் அப்படிக் கட்டளையிட்டிருப்பாரா?

புதுப்பிக்கிற வேலையில் ஆபத்து எங்கே என்றால், தேய்ப்பதில். இக்காலத்து வெனீர் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் கனம். பழையது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். சொரசொரப்பான உப்புத்தாளை மெஷினில் மாட்டினால் சில நொடியில் அடிப்பலகை தெரிந்துவிடும். ஸ்பீக்கர்மேல் பூந்தொட்டி வைப்பார்களே, அந்த ஈர வளையத்தில் இரண்டு ஜாதி உண்டு. வெள்ளை வளையம் மெருகுக்குள் தங்கின ஈரம். மரத்தைத் தொடாமலே எடுத்துவிடலாம். கறுப்பு வளையம் இரும்பும் ஈரமும் மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து மரத்துக்குள்ளேயே இறங்கினது. அதற்கு ஆக்ஸாலிக் ஆசிட் வேண்டும், கையுறையும் வேண்டும். தேய்த்தே எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால், கறையோடு மரமும் போய்விடும். (வீட்டில் இதைச் செய்கிற வாலிபருக்கு ஒரு வார்த்தை: ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவிடுங்கள்.)

கலாத்தியர் 6:1-ல் தவறினவனைச் சீர்படுத்தச் சொல்லுகிற இடத்தில் பவுல் எழுதின கிரேக்க வார்த்தைதான், மாற்கு 1:19-ல் வலையைப் பழுதுபார்க்கிறதற்கும் வருகிறது. கைவேலைக்காரன் வார்த்தை அது. நம் சபைகளில் பின்மாற்றத்திலிருந்து திரும்பி வருகிற ஒரு வாலிபனை மைக் முன்னால் நிறுத்தி, எல்லாவற்றையும் சொல்லு, இன்னும் சொல்லு என்று கேட்கிறோமே, அது எந்த நம்பர் உப்புத்தாள்? அவன் பொய் சொல்லாமல் இருந்தால் போதாதா? அவன் தாயும் அந்தக் கூட்டத்தில்தானே உட்கார்ந்திருக்கிறாள்?

நம் தச்சர் முதலில் துணியும் எண்ணெயும்தான் எடுப்பார். இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பார். பாதி அழுக்கு அதிலேயே போய்விடுமாம். உப்புத்தாள் எடுத்தாலும் 220-க்குக் குறையாது. மெஷின் கிடையாது, கையால்தான், ரேகை ஓடுகிற திசையிலேயே.