யாருடைய நேரம்?

ஒரு மனிதனின் ஒரு நிமிடமும் இன்னொரு மனிதனின் ஒரு நிமிடமும் ஒன்றா, வேறு வேறா? தத்துவ வகுப்பில் கேட்கிற கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் இதை நீதிமன்றத்திலேயே கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் கார்க்காரர்களுக்காக வழக்காடியவர்கள். இடம் தில்லி உயர்நீதிமன்றம். வருடம் 2012. வழக்கு ஒரு ரோட்டைப் பற்றியது.

தெற்கு தில்லியில் அம்பேத்கர் நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. தட்சிண்புரி, மதன்கீர் என்று அங்கே இருப்பவை மறுகுடியமர்வுக் காலனிகள். நகரத்துக்குள் குடிசை போட்டுப் பிழைத்த சனங்களை அப்புறப்படுத்தி, அன்றைக்கு நகரத்தின் விளிம்பாக இருந்த இடத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் இது இன்னும் வேகமாக நடந்தது. விளிம்பில் இறக்கிவிட்டாலும் வேலை நகரத்துக்குள்தானே இருக்கிறது? தினமும் உள்ளே போய்த்தான் ஆகவேண்டும்.

அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரைக்கும் 5.8 கிலோமீட்டர். இந்த ரோட்டை 2008 ஏப்ரலில் புதுவிதமாகப் பிரித்துத் திறந்தார்கள். நடுவில் பேருந்துக்கு மட்டும் தனித்தடம். அதற்கு வெளியே கார், மோட்டார் சைக்கிள். ஓரத்தில் சைக்கிளுக்கு ஒரு தடம், நடப்பவருக்கு ஒரு நடைபாதை. தில்லி அய்.அய்.டி. ஆய்வாளர்கள் போட்டுக்கொடுத்த திட்டம் அது. அவர்கள் கணக்கு எளிமையானது. ரோட்டில் ஓடுகிற வண்டிகளில் பேருந்து நூற்றுக்கு ஒரு சிலதான். ஆனால் ரோட்டில் போகிற மனிதர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்த ஒரு சிலவற்றுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள். வண்டியை எண்ணினால் ரோடு காருக்குச் சொந்தம். தலையை எண்ணினால் பேருந்துக்குச் சொந்தம். அவர்கள் தலையை எண்ணினார்கள்.

எண்ணியதும் கூச்சல் கிளம்பியது. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் மாதக்கணக்கில் கத்தின. திட்டத்தில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிறுத்தம் ரோட்டின் நடுவில் இருந்ததால், பேருந்து ஏற வருகிறவர் கார்கள் ஓடும் தடத்தைத் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது. சிக்னலில் காத்திருப்பு நீளம். சைக்கிள் தடத்துக்குள் மோட்டார் சைக்கிள்கள் புகுந்தன. இதெல்லாம் சரிசெய்யக்கூடிய குறைகள். ஆனால் கோபம் குறைகளைப் பற்றியதாக இல்லை. பக்கத்துத் தடத்தில் பேருந்து போய்க்கொண்டிருக்க, தான் நிற்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் கோபம்.

அந்தக் கோபம்தான் 2012இல் மனுவாக நீதிமன்றத்துக்குப் போனது. காரில் போகிறவர்கள் செல்வத்தை உருவாக்குகிறவர்கள், அவர்கள் நேரம் வீணானால் நாட்டுக்கு நட்டம் என்கிற வாதம் அங்கே வைக்கப்பட்டது. நீதிமன்றம் அதே வருடம் அக்டோபரில் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆனால் நீதிமன்றத்தில் தோற்றது தேர்தல் அரசியலில் ஜெயித்தது. 2015இல் ஆம் ஆத்மி அரசு அந்தத் தடத்தை எடுத்துவிட முடிவு செய்தது. 2016இல் இடித்தார்கள். சாமானியனின் பெயரைக் கட்சிக்கு வைத்துக்கொண்டவர்கள், சாமானியன் ஏறிய பேருந்தின் தடத்தைப் பெயர்த்துப் போட்டார்கள்.

செல்வத்தை உருவாக்குகிறவன் யார் என்று நாம் திருப்பிக் கேட்கலாம். அவன் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவ, அவன் கட்டடத்துக்குச் சாந்து சுமக்க, அவன் அலுவலக வாசலில் ராத்திரி முழுக்க நிற்க யார் வருகிறார்கள், எதில் ஏறி வருகிறார்கள் என்று கேட்கலாம். சரியான கேள்விதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால், எவன் அதிகம் உற்பத்தி செய்கிறானோ அவன் நேரம் உசத்தி என்கிற அளவுகோலை நாமும் ஏற்றுக்கொண்டவர்கள் ஆவோம். வேலைக்குப் போகிறவருக்கு இருக்கிற உரிமை, ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவிக்கும், சும்மா தங்கச்சி வீட்டுக்குப் போகிறவருக்கும் இருக்கிறது. அளவுகோலையே மறுக்க வேண்டும்.

இந்த அளவுகோல் ஏதோ ஒரு மனுதாரரின் திமிர் என்று நினைக்க வேண்டாம். ரோட்டுத் திட்டங்களுக்கு வரவு செலவு பார்க்கும்போது, மிச்சமாகும் பயண நேரத்துக்கு ஒரு விலை போடுவார்கள். பெரும்பாலும் வருமானத்தை வைத்துத்தான் அந்த விலை. அதிகச் சம்பளக்காரரின் ஒரு மணி நேரம் மிச்சமானால் பெரிய லாபம். கூலிக்காரரின் ஒரு மணி நேரம் மிச்சமானால் சின்ன லாபம். இந்த நாட்டில் யாருக்கு என்ன வேலை, அதற்கு என்ன கூலி என்பதைத் தீர்மானித்ததில் சாதிக்கு எவ்வளவு பங்கு என்று இந்த இதழைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆக, சாதி முதலில் கூலியை நிர்ணயிக்கிறது. கூலி நேரத்தின் விலையை நிர்ணயிக்கிறது. நேரத்தின் விலை ரோட்டின் அகலத்தை நிர்ணயிக்கிறது. கடைசியில் கையெழுத்துப் போடும் பொறியாளருக்கு, தான் சாதியைத் தொட்டதாகவே தெரியாது. அவர் வெறும் கணக்குப் போட்டவர்!

காத்திருக்க வைப்பது அதிகாரத்தின் பழைய வேலை. நம்ம சனங்களுக்கு ரோடு என்றாலே ஒதுங்கி நிற்பதுதான். எதிரே பண்ணையார் வந்தால் வரப்பிலிருந்து இறங்கி நிற்க வேண்டும். எங்க அப்பா சைக்கிளில் போனாலும் ஊர்த்தெரு தொடங்குகிற இடத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு போய், தெரு முடிந்த பிறகுதான் மறுபடி ஏறுவாராம். தூரம் என்னவோ கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச தூரத்தில் உன் நேரம் உன்னுடையது இல்லை என்று தினமும் இரண்டு வேளை சொல்லிக்கொடுத்தார்கள். பொதுத்தெருவில் எல்லாரும் நடக்கலாம் என்று ஒரு தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924இல். அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கிணறு, குளத்தோடு சேர்த்து ரோட்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதற்கப்புறமும், 2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டக்கூடாது என்று தடுப்பதும் குற்றம் என்று தனியாக எழுத வேண்டியிருந்தது. நடக்கும் கொடுமை இல்லாமல் சட்டத்தில் இப்படி ஒரு வரி வராது.

இங்கேதான் நமக்குள்ளேயே ஒரு கஷ்டமான கேள்வி வருகிறது. சைக்கிளுக்கு அடி வாங்கிய சமூகத்தின் பிள்ளைகள் இப்போதுதான் மோட்டார் சைக்கிள் வாங்குகிறார்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காகத்தான் வெட்டினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். இந்த நிலைமையில், நகரத்து ரோட்டில் பேருந்துக்கும் சைக்கிளுக்கும் முதலிடம், மோட்டாருக்குக் கட்டுப்பாடு என்று நாம் பேசினால் என்ன அர்த்தம்? நாங்க ஏறுகிற நேரத்தில் இறங்கச் சொல்கிறீர்களா என்று நம்ம பையன் கேட்டால் என்ன பதில்?

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். எந்தத் தெருவிலும் எந்த வண்டியிலும் போகிற உரிமை மானம் சம்பந்தப்பட்டது. அதில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்க முடியாது. நெரிசலான ரோட்டின் அகலத்தில் யாருக்கு எவ்வளவு என்பது பங்கீடு சம்பந்தப்பட்டது. அதில் தலைக்குத் தலை சமம் என்பதுதான் நம்ம கொள்கை. அறுபது பேரைச் சுமக்கும் பேருந்து, ஒருத்தர் உட்கார்ந்த காருக்குப் பின்னால் நிற்பது அநியாயம். அந்தப் பையனின் அம்மாவும் அந்த அறுபது பேரில் ஒருத்தியாக இருப்பாள். தவிர, கட்டுப்பாடு எங்கே தொடங்க வேண்டும்? அதிக இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற காரிலிருந்து. ரோட்டோரத்தில் நாளெல்லாம் இலவசமாக நிறுத்தி வைக்கிற இடத்திலிருந்து. பையனின் வண்டியிலிருந்து அல்ல.

பேருந்தை நாம் குறைவாக நினைக்கவும் கூடாது. முன்பின் தெரியாதவன் பக்கத்தில், சாதி கேட்காமல் உட்கார வைத்த இடம் அது. அதனாலேயே அது சாதி வெறியர்களின் கண்ணை உறுத்தியது. 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் என்றதும் தென் மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. நம்ம பெயர் எழுதிய வண்டியில் ஏறமாட்டோம் என்றார்கள். கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையுமே போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. நம்ம பெயரைப் பொதுவில் வைக்கச் சகிக்காதவர்களுக்காக, பொதுவிலிருந்து எல்லாப் பெயரையும் எடுத்தார்கள். தில்லியில் நடந்ததும் அதே மாதிரிதான். பேருந்து முந்திப்போவதைச் சகிக்காதவர்களுக்காகத் தடத்தையே எடுத்தார்கள்.

இன்னொரு நேரக் களவும் நடக்கிறது. 2025 ஜூன் 1 அன்று தில்லி ஜங்புராவில் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து போய்ப் பல பத்தாண்டுகளாக வீட்டுவேலையும் கூலிவேலையும் செய்து வாழ்ந்த குடும்பங்கள். தகுதி உண்டு என்று ஒப்புக்கொள்ளப்பட்டவர்களுக்கு நகரத்தின் வடகோடியில் நரேலாவில் வீடு. மீதிப்பேருக்கு அதுவும் இல்லை. சென்னையில் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களுக்கு இந்தக் கதை புதுசில்லை. குடிசையை இடிக்கும்போது வீட்டை மட்டும் பறிப்பதில்லை. ஒவ்வொரு நாளிலிருந்தும் சில மணி நேரத்தைப் பறிக்கிறார்கள். அந்த நேரத்துக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் விலை போடுவதில்லை. நகரத்துக்குள் பேருந்துத் தடம் போட்டுவிட்டு, பேருந்தில் வருகிறவர்களை நகரத்துக்கு வெளியே தள்ளுவது சீர்திருத்தம் ஆகாது.

சென்னை மாநகராட்சி 2014இல், நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று ஒரு கொள்கையை ஏற்றது. நல்லதுதான். ஆனால் சைக்கிள் தடம் என்றதும் திட்டப் படங்களில் தலைக்கவசம் போட்டு, உடம்பு இளைக்க ஓட்டுகிறவரின் உருவம்தான் வருகிறது. பால்காரர், கொத்தனார், வெள்ளையடிப்பவர், ராத்திரி வேலை முடித்துத் திரும்பும் காவலாளி ஆகியோரின் சைக்கிள் அதில் வருவதில்லை. பின்னால் சாமான் கட்டியிருந்தாலும் போகக்கூடிய அகலம் வேண்டும். ராத்திரியில் விளக்கு வேண்டும். பாதியில் அறுந்துபோகாத தடம் வேண்டும்.

உங்கள் ஊரில் ஒரு பெரிய ரோட்டை அடுத்து வெட்டும்போது, போய்க் கேளுங்கள். எண்ணியது வண்டியையா, தலையையா? பேருந்துக்கு எத்தனை நிமிடம் மிச்சம், காருக்கு எத்தனை நிமிடம் மிச்சம்? எந்த நேரத்துக்கு என்ன விலை போட்டீர்கள்? இந்த ரோட்டை அகலப்படுத்த யாரை எழுப்பினீர்கள், அவர்கள் இப்போது எங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பி வருகிறார்கள்? பதில் எழுத்தில் வரும்வரை விடாதீர்கள். ஒதுங்கி நின்ற காலத்துக்கு நாம் வட்டி கேட்கவில்லை. இனிமேல் நம்ம நிமிடத்துக்கும் அறுபது விநாடி என்று எண்ணச் சொல்கிறோம்.