ஒரு கல், இரு தீர்ப்புகள்

எட்வர்ட் ஸ்விக் இயக்கி 2006 இல் வெளிவந்த 'பிளட் டயமண்ட்' திரைப்படத்தை, வைர வியாபாரத்தைக் கண்டிக்கும் படமென்றே பேசி வந்திருக்கிறோம். அது சரிதான். ஆனால் கதையின் நடுவேயுள்ள அந்தக் கல் இறுதியில் விற்கப்படுகிறது. விற்கப்பட வேண்டுமென்றே பார்ப்பவர் மனமும் துஆக் கேட்கிறது. என்னை உறுத்துவது இதுதான்.

கதை நிகழ்வது 1999 இன் சியரா லியோனில். 1991 முதல் 2002 வரை நீடித்த உள்நாட்டு யுத்தத்தில் புரட்சிகர ஐக்கிய முன்னணியினர் பொதுமக்களின் கைகளை வெட்டினர். சிறுவர்களிடம் துப்பாக்கி கொடுத்தனர். ஆற்றுச் சரளையில் அரித்தெடுத்த வைரத்தைக் கொண்டு ஆயுதம் வாங்கினர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு அது. பலஸ்தீனுக்கும் பொஸ்னியாவுக்கும் கையேந்திய நம் பள்ளிவாசல்களில் அதன் பெயரைக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

சொலமன் வாண்டி ஒரு மீனவன். கிளர்ச்சியாளர்கள் அவனைப் பிடித்துச் சென்று வைரம் அரிக்க வைக்கின்றனர். மகனைச் சிறுவர் படையில் சேர்க்கின்றனர். கையில் அகப்பட்ட பெரிய இளஞ்சிவப்புக் கல்லை அவன் ஒளித்து விடுகிறான். டிகாப்ரியோ நடித்த கடத்தல்காரன், கூலிப்படைத் தளபதி, கிளர்ச்சித் தலைவன் எல்லோரும் அந்த ஒரு கல்லின் பின்னால் ஓடுகின்றனர். எத்தனையோ உயிர்கள் போகின்றன. கடைசியில் சொலமன் இலண்டனில் ஒரு வைரக் கம்பனிக்கே அதை விற்று, தன் குடும்பத்தை மீட்கிறான்.

இது இரத்த வைரம் இல்லையென்றால் வேறெது இரத்த வைரம்? அப்படியானால் சொலமனும் குற்றவாளியா?

வாங்குவது ஹராமானதைக் கொடுப்பதும் ஹராம் என்று பிக்ஹில் ஒரு விதியுண்டு. அதற்கு உலமாக்கள் விதிவிலக்கும் வைத்தனர். கைதியை மீட்கக் கொடுக்கும் பணம் அதிலொன்று; வேறு வழியின்றி, தன்மீதான அநியாயத்தைத் தடுக்கக் கொடுக்கும் இலஞ்சம் இன்னொன்று. கொடுத்தவன்மீது பாவமில்லை, வாங்கியவன்மீது உண்டு. சொலமன் கல்லைக் கொடுத்தது இதற்கு நெருக்கமானது. பணமும் பெற்றானே எனலாம். அடிமையாக அரித்தவனுக்கு எவரும் கூலி கொடுக்கவில்லை. அந்தக் கல்லில் அவனது நாட்டுக்கும் பங்குண்டே என்று ஒருவர் வாதிட்டால் மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை.

ஆக, இரத்தம் கல்லின் குணமன்று. அது வாங்குபவன் அறிந்ததிலும் அறிய மறுத்ததிலும் இருக்கிறது. 2003 இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி ஏற்பாடோ கல்லுக்கே சான்றிதழ் கொடுத்தது. சட்டபூர்வ அரசுகளுக்கு எதிராகப் போரிடும் கிளர்ச்சியாளருக்குப் பணம் சேர்க்கும் பட்டை தீட்டாத வைரம் மட்டுமே அதன் பார்வையில் குற்றமுள்ளது. 2008 இல் சிம்பாப்வேயின் மராங்கேயில் வைரம் தோண்டியவர்களைக் கொன்றது அரச படை. 2011 இல் அங்கிருந்து ஏற்றுமதி அனுமதிக்கப்பட்டது. 'குளோபல் விட்னஸ்' அமைப்பு அவ்வாண்டின் இறுதியில் அந்த ஏற்பாட்டிலிருந்து வெளியேறியது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது 'இஹ்யா'வில் ஹலால் ஹராம் பற்றிப் பேசுமிடத்தில், ஒரு பொருள் வந்த வழியை விசாரிப்பது எப்போது அவசியம் என்று நுணுக்கமாக ஆராய்கிறார். அறியாத ஒருவரிடம், சந்தேகத்துக்கு அடையாளம் எதுவுமில்லாதபோது, துருவிக் கேட்பது அவரை நோகச் செய்யும் என்கிறார். அநியாயக்காரரின் கோலம் தெரிந்தால் நிலை மாறுகிறது. அடையாளத்தைப் பார்க்காமலிருக்கக் கண்ணை மூடிக்கொள்பவனுக்கு முதல் சலுகை பொருந்துமா? பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

பேருவளையிலும் இரத்தினபுரியிலும் கல் வியாபாரம் நம்மவர் பலரின் சீவனோபாயம். கிம்பர்லி ஏற்பாடு வைரத்துக்கு மட்டுமே. நீலக்கல்லுக்கு அந்தச் சான்றிதழும் கிடையாது. 1998 இல் மடகஸ்காரின் இலகாக்காவில் நீலக்கல் கண்டெடுக்கப்பட்ட பின்னர் இலங்கை வியாபாரிகளும் அங்கு போனார்கள். குழி சரிந்து மண்ணுக்குள் ஆட்கள் புதையும் இடம் அது. அங்கு போய் வந்த எங்களூர்க்காரர் ஒருவர் விரித்துக் காட்டிய கற்களை நானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். சூடாக்கிய கல்லா என்று கேட்டேன். வேறெதுவும் கேட்கவில்லை.