ஐயமும் சாட்சியமும்

பெரிய மனிதர் ஒருவர் வஞ்சகமாகக் கொல்லப்படும்பொழுது, அந்தச் சாவுக்கு ஈடான பெரிய காரணம் ஒன்றை மக்கள் உள்ளம் தேடுகிறது. நாட்டின் தலைமை அமைச்சராக இருந்தவரை, முன்பின் அறிமுகமில்லாத ஓர் இளம்பெண் இடுப்பில் கட்டிவந்த வெடிகுண்டால் ஒரு நொடியில் மாய்த்துவிட முடியும் என்பதை ஏற்க மனம் கூசுகிறது. இத்தனை பெரிய மரத்தை வீழ்த்தியது இத்தனை சிறிய கோடரிதானா என்ற கேள்வி எழுகிறது. கோடரியைப் பிடித்த கை எது, அந்தக் கையை ஏவிய கை எது என்று எண்ணம் நீண்டுகொண்டே போகிறது.

1991 மே 21 இரவு, பத்து மணி கடந்த வேளையில், ஸ்ரீபெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்திடலில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். மணிமங்கலம், படப்பை, ஒரகடம் வட்டாரத்து மக்களுக்கு இது ஏட்டில் படித்த செய்தியன்று. தம் வீட்டு வாசலில் நடந்த துயரம். இன்று அவ்வட்டாரம் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. ஏரிநீர் பாய்ந்த நிலங்களில் மோட்டார் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. அந்த இரவில் பிறந்தேயிராத இளைஞர்கள், வடமாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தோர் உட்பட, தொழிற்சாலைப் பேருந்துகளில் அந்நினைவிடத்தைக் கடந்து போகின்றனர். ஆயினும் தேநீர்க் கடையில் பேச்சு அப்பக்கம் திரும்பினால், "உண்மையில் செய்தவன் யார் தெரியுமா?" என்று தொடங்க ஒருவர் இருக்கவே செய்கிறார்.

இப்படிச் சொல்ல நமக்கு உரிமை உண்டா? ஐயுறுவது மனத்தோடு முடிந்துபோகும் செயலா, அல்லது சாட்சி சொல்வதைப் போன்று பொறுப்பேற்க வேண்டிய செயலா? இதனையே நாம் எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

சதி என்ற சொல்லைக் கேட்டதுமே கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடுவோரும் உளர். அவர்களோடு நாம் உடன்படவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது சதியே. நீதிமன்றத்தில் நிறுவப்பட்ட சதி. அதனை வெளிக்கொணர்ந்தது ஒரு புகைப்படக் கருவி. கொலையைப் படமெடுப்பதற்கென்றே அழைத்து வரப்பட்ட ஹரிபாபு என்ற புகைப்படக்காரர் அவ்வெடிப்பில் மாண்டார். அவருடைய கருவியோ சிதையாமல் கிடைத்தது. அதனுள் இருந்த பத்துப் படங்களில், சந்தன மாலையுடன் காத்துநின்ற தாணுவும், பத்திரிகையாளர் போல் வெள்ளுடை அணிந்து நின்ற சிவராசனும் இருந்தனர். அந்தக் கருவி நொறுங்கிப் போயிருந்தால், அல்லது யாரேனும் எடுத்துச் சென்றிருந்தால், இன்று உலவும் கதைகள் அனைத்தும் ஒரே தரத்தில் நின்றிருக்கும். ஒன்றை மெய் என்றும் மற்றொன்றைப் பொய் என்றும் சொல்ல வழியே இருந்திராது.

ஆனால் சதி ஒன்று இருந்தது என்பதனால், எந்தச் சதியையும் நம்பலாம் என்றாகிவிடுமா? இங்கேதான் பலர் சறுக்கி விழுகின்றனர். அமெரிக்க உளவுத்துறை என்றனர் சிலர். இஸ்ரேலின் மொஸாத் என்றனர் வேறு சிலர். சாமியார் சந்திராசாமியின் பெயர் ஜெயின் ஆணையத்தின் முன் ஆண்டுக்கணக்கில் அடிபட்டது. அவர் 2017-இல் இறக்கும்வரை அக்கொலைக்காக எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டிக்கவில்லை. இக்கதைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் முளைத்தவை: இதனால் யாருக்கு இலாபம்? கேட்கும்போது அறிவுள்ள கேள்வியாகவே தோன்றும். ஆனால் ஊரில் ஒருவர் இறந்தால் இலாபமடைவோர் பலர் இருப்பர். பங்காளிக்கு நிலம் கிடைக்கும். கடன்பட்டவனுக்கு நிம்மதி கிடைக்கும். அத்தனை பேரும் கொலைகாரரா?

இந்தக் கேள்வி வாயோடு நிற்பதுமில்லை. கொலை நடந்த இரவே தமிழகமெங்கும் தி.மு.க.வினரின் வீடுகளும் அலுவலகங்களும் தாக்கப்பட்டன. ஆதாரம் எதுவும் வருமுன்னரே தீர்ப்பு வந்துவிட்டது. 1997-இல் ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை அக்கட்சியின்மீது பழி சுமத்தியதைக் காட்டி, காங்கிரஸ் தன் ஆதரவை விலக்கிக்கொள்ள, குஜ்ரால் அமைச்சரவை கவிழ்ந்தது. ஏழாண்டுகள் சென்றபின், 2004-இல், அதே இரு கட்சிகளும் ஒரே மேடையில் ஏறி வாக்குக் கேட்டு, ஒரே அமைச்சரவையில் அமர்ந்தன. அந்த ஐயத்தை அதை எழுப்பியவர்களே எவ்வளவு நம்பினார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? 1998-இல் பரந்த சதியை ஆராய்வதற்கென அமைக்கப்பட்ட பல்துறைக் கண்காணிப்புக் குழு 2022-இல் கலைக்கப்பட்டது.

மணிமங்கலம் இன்றைய தொழிற்சாலைகளால் மட்டும் பெயர் பெற்ற ஊரன்று. சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைப் பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் வென்ற களங்களுள் ஒன்று அது என்று கூரம் செப்பேடு கூறுகிறது. அப்போர் நடந்தது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி கழிந்த வேளையில். ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான், கடலுக்கப்பால் மதீனாவில், நம் இல்லங்களில் சிறுவர்க்கும் தெரிந்த ஒரு படுகொலை நடந்தது. அதன் முதற்பகுதியை அறிந்தோர் பலர். பிற்பகுதியைப் பேசுவோர் சிலரே.

ஹிஜ்ரி 23-இல் (கி.பி. 644) கலீஃபா உமர் (ரலி) அவர்களைத் தொழுகையில் குத்தியவன் அபூ லுஃலுஆ என்ற பாரசீக அடிமை. அவன் தன்னையும் மாய்த்துக்கொண்டான். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அபூபக்கர் ஒரு செய்தி சொன்னார். கொலைக்கு முன்னர் அவனும், இஸ்லாத்தைத் தழுவியிருந்த பாரசீகத் தளபதி ஹுர்முஸானும், ஹீராவைச் சேர்ந்த கிறிஸ்தவர் ஜுஃபைனாவும் தனித்துப் பேசிக்கொண்டிருந்ததைத் தாம் கண்டதாகவும், தம்மைப் பார்த்ததும் அவர்கள் திடுக்கிட்டு எழ, இருபுறமும் கூருள்ள கத்தி ஒன்று கீழே விழுந்ததாகவும் கூறினார். கொலைக் கருவியோ அத்தகைய கத்தியாகவே இருந்தது. கண்டு சொன்னவர் நம்பத்தக்கவர். அவர் கண்டதும் உண்மையாகவே இருக்கலாம். தந்தையை இழந்த உபைதுல்லாஹ் இதனைக் கேட்டார், வாளை உருவினார், ஹுர்முஸானைக் கொன்றார், ஜுஃபைனாவைக் கொன்றார், அபூ லுஃலுஆவின் சிறு மகளையும் கொன்றார்.

அந்தச் சிறுமி எந்தக் கூட்டத்தில் அமர்ந்து பேசினாள்?

புதிய கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் முன் வந்த முதல் வழக்கே இதுதான். உபைதுல்லாஹ்வைப் பழிக்குப் பழியாகக் கொல்ல வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் அலீ (ரலி) அவர்களும் ஒருவர். நேற்று உமர் கொல்லப்பட்டார், இன்று அவர் மகனையுமா என்று கலங்கினோர் பலர். உஸ்மான் (ரலி) கொல்லப்பட்டோருக்கான இரத்த ஈட்டைத் தம் சொந்தப் பொருளிலிருந்தே கொடுத்து வழக்கை முடித்தார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அத்தீர்ப்பைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். கலீஃபாவின் கொலைக்குப் பழிவாங்கினார் என்று அவரை எவரும் குற்றமற்றவராக விட்டுவிடவில்லை. ஹுர்முஸானின் இரத்தத்துக்கு விலை கேட்கப்பட்டது. சேர்ந்திருந்ததைக் கண்டது சாட்சியம். சேர்ந்து சதி செய்தனர் என்பது ஊகம். கண்ட கண்ணுக்கும் உருவிய வாளுக்கும் இடையே ஒரு விசாரணை நடந்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடாதீர்கள் என்ற திருமறையின் கட்டளை ஓதப்பட்ட நகரத்திலேயே அது நடக்கவில்லை என்பதை எண்ணும்போது, நம் காலத்தவரை நாம் மட்டுமீறிக் கடிந்துகொள்ளவும் முடியவில்லை.

இந்த அளவுகோல் தேநீர்க் கடைக்கு மட்டும் உரியதன்று, அரசாங்கத்துக்கும் உரியது. பூவிருந்தவல்லித் தடா நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டு மே மாதத்தில், அவர்களுள் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் விடுவித்தது. சிலர்மீது நிலைத்த சிறிய குற்றங்களுக்கு அவர்கள் கழித்த சிறைக்காலமே போதும் என்றது. தூக்கு மேடைக்கும் வீட்டு வாசலுக்கும் இடையே இருந்த தொலைவு பதினைந்து மாதங்கள். எஞ்சியவர்களுள் பேரறிவாளன் கைதானபோது அவருக்கு வயது 19. இரண்டு ஒன்பது வோல்ட் பாட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. எதற்காக அவற்றைக் கேட்டனர் என்று தமக்குத் தெரியாது என அவர் சொன்ன வாசகத்தை வாக்குமூலத்தில் தாம் எழுதாமல் விட்டதாக, அதனைப் பதிவு செய்த மத்தியப் புலனாய்வுத் துறை அதிகாரி தியாகராஜன், ஓய்வு பெற்றபின் 2013-இல் வெளியிட்டார். ஒரு வாசகம்! அதன் எடை ஒரு மனிதனின் முப்பத்தோராண்டு. பேரறிவாளன் 2022 மே மாதத்திலும், மற்ற அறுவர் அவ்வாண்டு நவம்பரிலும் விடுதலையாயினர். ஊகத்தைக் கூட்டிச் சொல்வது மட்டுமே அநீதியன்று. கேட்டதைக் குறைத்து எழுதுவதும் அநீதியே.

இந்நாட்டில் கொலைகாரனின் பெயர் வெளிவரும் வரை மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் சமுதாயங்கள் உண்டு. 1948 ஜனவரி 30 மாலை, அண்ணலைச் சுட்டவன் ஓர் இந்து என்று வானொலி அறிவித்தபொழுது எத்தனை முஸ்லிம் குடும்பங்கள் உயிர் மீண்டன என்பதை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவன் இன்ன சாதியான் என்று தெரிந்ததும், மராட்டியத்தில் அச்சாதியினரின் வீடுகள் எரிந்தன. 1984-இல் இந்திரா காந்தியைச் சுட்டவர் இருவர். அதற்காகத் தில்லியில் மட்டும் கொல்லப்பட்ட சீக்கியர் அரசுக் கணக்குப்படியே 2,733 பேர். 1991-க்குப் பின் ஈழத்து அகதிகளுக்கு நேர்ந்ததும் இவ்வகையினதே. போருக்குத் தப்பி வந்து முகாமில் கஞ்சி குடித்துக் கிடந்தவர்கள் திடீரென்று கண்காணிக்கப்பட வேண்டியவர்களாயினர். தமக்கு 1948-இல் வந்த அச்சம் இவர்களுக்கும் வந்திருக்கும் என்று நம்மவர் அன்று நினைத்துப் பார்த்தனரா? நினைத்தவர் சிலர் இருந்திருப்பர்.

இவ்வளவு சொன்னபின்னும், அறியப்படாத மிச்சம் ஒன்று இருப்பதை நாம் மறுக்கவில்லை. சிவராசனும் உடனிருந்தோரும் 1991 ஆகஸ்டில் பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயில் முற்றுகையிடப்பட்ட வீட்டுக்குள் உயிரை மாய்த்துக்கொண்டனர். 2002-இல் கிளிநொச்சியில் நிருபர்கள் கேட்டபொழுது, அது ஒரு துன்பியல் சம்பவம் என்றதோடு பிரபாகரன் நிறுத்திக்கொண்டார். 2009-இல் அவரும் இறந்தார். சொல்லக்கூடியவர்கள் சொல்லாமலே போய்விட்டனர். அந்த வெற்றிடத்தில் நமக்குப் பிடிக்காதவர் பெயரை எழுதி நிரப்புவது எளிது. அதை வெற்றிடமாகவே விட்டுவைப்பது கடினம்.

அந்த இரவில் ராஜீவ் காந்தியுடன் மாண்டவர்களின் பெயர்கள் இக்கதைகள் எவற்றிலும் வருவதில்லை. பணியிலிருந்த காவலர் பலர் அங்கே செத்தனர். தலைவருக்குக் கவிதை சொல்லிக்காட்ட வந்த ஒரு சிறுமி தன் தாயுடன் செத்தாள். தாணுவை நெருங்கவிடாமல் தடுக்க முயன்ற பெண் காவல் அதிகாரி ஒருவர் படுகாயத்துடன் பிழைத்தார். நீதிமன்றக் கூண்டில் ஏறி, தாம் கண்டதைச் சொன்னார்.