கல்வியும் அனுமானமும்

ஒருவன் உள்ளத்தில் விளைந்த அறிவை மற்றொருவன் அளந்து சொல்ல இயலுமா என்பது தத்துவ விசாரணைக்கே உரிய கேள்வியாக ஒரு காலத்தில் இருந்தது. இன்று அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் அது அறிக்கை எழுதி விடை கூற வேண்டிய நிர்வாகக் கடமையாகவும் ஆகிவிட்டது.

1901-ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்து ஜோலியெட் நகரில் தொடங்கிய இக்கல்லூரி மரபு, வருவோரைத் தரம் பார்த்துத் தள்ளாமல் ஏற்றுக்கொள்வதையே தன் தர்மமாகக் கொண்டது. கலிபோர்னியாவில் இவற்றுக்கு அங்கீகாரம் வழங்கும் ஆணையம் 2002-இல் வகுத்த விதிகளோ, ஒரு பாடத்தைக் கற்றவன் இறுதியில் எதைச் செய்ய வல்லவனாவான் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, அந்த விளைவு கைகூடியதா என்பதைச் சான்றுகொண்டு காட்டுமாறு கல்லூரிகளைப் பணித்தன. மாணவனுக்கு மதிப்பெண் இடுகையில் தீர்ப்புக்கு உட்படுபவன் மாணவன். இங்கே தீர்ப்புக்கு உட்படுவது போதனை.

இவ்விளைவுகளை எழுதுவோர், பெஞ்சமின் புளூமும் அவருடைய சகாக்களும் 1956-இல் வெளியிட்ட கல்வி நோக்கங்களின் வகைப்பாட்டைத் துணைக்கொண்டு, 'அறிவான்', 'உணர்வான்' என்று எழுதுவதைத் தவிர்த்து, 'விளக்குவான்', 'பகுத்துக் காட்டுவான்' என்றே எழுதுகிறார்கள்; ஏனெனில் உணர்வது கண்ணுக்குப் புலப்படாது, விளக்குவது புலப்படும். அந்த அளவில், தாம் காண்பது கல்வியின் அடையாளத்தையே என்று அவர்கள் ஒப்புக்கொண்டவர்களாகிறார்கள்.

அடையாளத்தைக் கொண்டு காணாததைத் துணிவதை நியாய சாஸ்திரம் அனுமானம் என்று வகுத்து, மலைமேல் புகையைக் கண்டு நெருப்பை அறிவதை அதற்கு உதாரணமாக்கியது. பனிமூட்டத்தைப் புகையென்று மயங்குபவன் இல்லாத நெருப்பை உண்டென்பான். பழுக்கக் காய்ந்த இரும்பில் புகை காணாதவன் உள்ள நெருப்பை இல்லையென்பான். வினாவின் போக்கறிந்து மனப்பாடம் செய்து எழுதியவனின் விடைத்தாள் முன்னதற்குச் சான்று. நோயாளியின் காயத்தைப் பிசகின்றிக் கட்டத் தெரிந்தும், அதைப் பிழையற்ற ஆங்கிலத்தில் எழுத இயலாமல் தவிக்கும் குடியேறிய தாதி மாணவி பின்னதற்குச் சான்று.

இதனால் மதிப்பீடே வீண் என்று சொல்லும் ஆசிரியர்கள், அனுமானத்தையே பிரமாணமாக ஏற்க மறுத்த சார்வாகரின் பக்கம் சாய்கிறார்கள். பிறர் மனத்தை நேரே காணும் வழி நமக்கில்லாதபோது, அடையாளத்தையும் கைவிட்டால், திறந்த கதவு வழியே வந்த ஏழை மாணவன் ஏதும் பெறாமலே திரும்பிப் போனாலும் நாம் அறியமாட்டோம். கதவைத் திறந்து வைத்தவனுக்கு, உள்ளே வந்தவன் என்ன பெற்றான் என்று விசாரிக்கும் கடமையும் உண்டு.

ஆயினும் அந்த விசாரணை தண்டனைக் கருவியாகிவிடலாகாது. கற்றல் விளைவை ஆசிரியரின் பணி மதிப்பீட்டிலும் ஓர் அங்கமாக்க 2002-இன் விதிகள் முற்பட்டபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தது நியாயமே. புகை காட்டாவிடில் தண்டனை என்றால், நெருப்பை மறந்து புகையை மட்டும் மூட்டுவதற்கு மனிதன் வெகு சீக்கிரம் பழகிவிடுவான். ஒரு தேர்வை நம்பாமல் பலவகைச் சான்றுகளைத் தேடி, கண்டதைப் போதனையைத் திருத்துவதற்கே பயன்படுத்துமிடத்தில் மதிப்பீடு அறத்தோடு பொருந்தும். அனுமானித்ததைக் கண்ணால் கண்டதாக எழுதும் அறிக்கை, எத்தனை அட்டவணைகளைத் தாங்கி வந்தாலும், அசத்தியமே.