சுவருள் வாயில்

புதிய மண்டபங்களிலே சுவரோடு சுவராய் ஒன்றிய கதவுகளைக் காண்கிறோம். பெரும்பாலும் காணாமலே கடந்து போகிறோம். நிலையும் இல்லை, பிடியும் இல்லை. அழகு என்பர்.

இவ்வழகு புதியதன்று. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மாளிகைகள் சிலவற்றிலே சுவரின் வண்ணமே பூசிய கதவுகள் இருந்தன. வேலையாட்கள் விருந்தினர் கண்ணிற் படாது வந்துபோக அவை உதவின. மறைக்கப்பட்டது கதவா, உழைப்பவனா?

மறைந்த வழி யாவும் தீதென்போமா? உரும்பிராயில் நம் வேலிகளிலே 'பொட்டு' இருந்தது. தெருவிற் போவோர் அறியார். இரு வீட்டாரும் அறிவர். கறியும் கைமாற்றும் சுகதுக்கச் செய்தியும் அவ்வழியே போய் வந்தன.

ஆயினும் பெருமை பேசுதற்கில்லை. அப்பொட்டும் பெரும்பாலும் ஒத்த சாதியாருக்கே திறந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே வந்திருந்தும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சுவராகவே நின்றது. ஊரறிந்த வாயிலையே சுவராக்கத் தெரிந்தவர்கள் நாம்.

ஆகவே, கதவு தெரிகிறதா என்று கேட்டால் மட்டும் போதாது. அதனூடே நிமிர்ந்து செல்ல உரிமையுடையார் யார் என்றும் கேட்க வேண்டும். மண்டபத்தில் நாம் விருந்துண்ணும்போது, எச்சில் இலை எடுக்க ஒருவர் சுவரினுள்ளிருந்து வருவார். அவர் முகத்தையேனும் நிமிர்ந்து பார்ப்போம்.