தேர்க்காலும் நட்டஈடும்

மகாவம்சத்தின் இருபத்தோராம் அத்தியாயம் எல்லாளனின் ஆட்சியைக் கூறுமிடத்துத் தேரினால் விளைந்த இரு விபத்துக்களை உரைக்கின்றது. முதலாவது யாவரும் அறிந்ததே. அரசனின் ஒரே மைந்தன் திஸ்ஸவாவிக்குத் தேரிற் செல்கையில், தாய்ப்பசுவுடன் வழியிற் படுத்திருந்த கன்றொன்றின் கழுத்தின்மீது அறியாது சக்கரத்தைச் செலுத்திவிடுகின்றான். பசு வந்து மணிக்கயிற்றை இழுக்கின்றது. அரசன் அதே சக்கரத்தினால் மைந்தனின் தலையைத் துணிப்பிக்கின்றான். இரண்டாவது சம்பவம் அத்துணை பேசப்படுவதில்லை. பிக்குகளை அழைக்கும்பொருட்டுச் சேதியமலைக்குச் சென்ற எல்லாளனின் தேர் நுகத்தின் நுனி பட்டு, அங்கிருந்த தூபியின் ஒரு பகுதி சிதைந்துவிடுகின்றது. அமைச்சர் அதனைச் சுட்டிக்காட்டியதும் அரசன் தேரினின்றும் இறங்கி வழியிற் கிடந்து, தன் தலையையும் சக்கரத்தாற் துணிக்குமாறு கூறுகின்றான். அமைச்சரோ, பிறர்க்கு ஊறு செய்தலைப் புத்தர் ஏற்கமாட்டார் என்றும், தூபியைத் திருத்திக் கொடுத்துப் பொறுதி பெறுவதே தக்கதென்றும் கூறித் தடுக்கின்றனர். பெயர்ந்த கற்கள் பதினைந்து. அவற்றை மீளப் பொருத்துவதற்கு அரசன் செலவிட்டது பதினையாயிரம் கஹாபணம்.

இரு சம்பவங்களிலும் தீங்கு விளைவித்தவன் அதனைக் கருதிச் செய்யவில்லை. ஆயினும், ஒன்றிற் செய்தவன் தலை கேட்கப்படுகின்றது. மற்றையதில் சிதைந்தது சீராக்கப்படுகின்றது. ஒரே நூலில், ஒரே அரசனின் வரலாற்றில், தண்டனையும் ஈடுசெய்தலும் இவ்வாறு வேறு வேறாக நிற்பது ஊன்றி நோக்கற்பாலது. வாகனத்தில் அடிபட்ட பாதசாரிக்குச் சமூகம் எதனைக் கடன்பட்டுள்ளது என்னும் வினாவுக்கு விடை தேடுவோர் இவ்விரண்டையும் பிரித்தறிதல் அவசியமாகும்.

பெரியபுராணம் இக்கதையைத் திருவாரூரில் நிகழ்ந்ததாகப் பாடுகின்றது. அங்கே துள்ளித் திரிந்த கன்று எவரும் எதிர்பாராவண்ணம் தேர்க்காலின் இடையே புகுந்துவிடுகின்றது. இன்றைய நீதிமன்றமாயின் இளவரசனிடத்துக் கவலையீனம் இல்லையெனத் தீர்ப்பளிக்கவும் கூடும். அமைச்சர்கள் மறை விதித்த கழுவாயைச் செய்தாற் போதுமென்கின்றனர். அதற்கு மன்னன் எழுப்பும் வினா மிகக் கூர்மையானது: கன்றை இழந்து அலறும் பசுவின் நோய்க்கு அக்கழுவாய் மருந்தாகுமா என்கின்றான். பாதிக்கப்பட்டவரின் நிலையினின்று நீதியை அளக்கும் வினா அது. ஆயின் அவ்வினாவை மன்னனின் சொந்தத் தீர்ப்பை நோக்கியும் திருப்பலாம். மைந்தனைத் தேர்க்காலில் இட்டமை மட்டும் பசுவின் நோய்க்கு மருந்தாயிற்றா? தானும் அத்துயரை உறுதல் தகுமென மன்னன் கருதினான். அவன் பெருமை அதுவேயாகலாம். எனினும் பசுவுக்கு மருந்து கிடைத்தது, இறைவன் அருளாற் கன்று உயிர்த்தெழுந்தபோதுதான். இறந்ததை எழுப்பும் ஆற்றல் மனிதர் சட்டத்துக்கு இல்லை. அதனிடம் எஞ்சியிருப்பது தூபியின் வழி, அஃதாவது பெயர்ந்த கல்லுக்குப் பொருள் கொடுக்கும் வழி மட்டுமே.

இலங்கையின் நட்டஈட்டுச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியாக, கி. மு. மூன்றாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அக்குவீலியச் சட்டத்தினின்றும் வந்ததாகும். அதன் முதலாம் அத்தியாயம், பிறனுடைய அடிமையையோ மந்தையில் மேயும் நாற்கால் விலங்கையோ நெறிகேடாகக் கொன்றவன், அவ்வாண்டில் அதற்கிருந்த அதியுயர் பெறுமதியை உரிமையாளனுக்குக் கொடுத்தல் வேண்டும் என விதித்தது. கன்று இறந்த வழக்கு உரோமாபுரியில் நடந்திருப்பின், கன்றின் விலை அதன் சொந்தக்காரனைச் சேர்ந்திருக்கும், பசுவுக்கு ஒன்றுமில்லை. இது வெறும் வேடிக்கையன்று. மரணத்தினால் வந்த பொருளிழப்பை மட்டும் கணக்கிட்டு, மனத்துயரைக் கணக்கிடாது விடும் போக்கு இம்மரபில் நெடுங்காலம் நிலைத்தது. உழைத்துக் கொடுத்தவர் இறந்தாற் குடும்பம் நட்டஈடு கோரலாம். சின்னஞ்சிறு பிள்ளை இறந்தால் பெற்றோர் இழந்த வருமானம் யாது? 2001ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், ஒரு குழந்தையின் மரணம் தொடர்பான மருத்துவக் கவலையீன வழக்கிலே, இச்சட்டத்தின்கீழ்ப் பொருளிழப்பு அல்லாத துயருக்கு ஈடு கோர இயலாதென்றே கூறியது. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமே, பிறரின் தவறினால் ஒருவர் மரணிக்குமிடத்து அவர்தம் உறவினரின் மனத்துயருக்கும், இழந்த பராமரிப்புக்கும் தோழமைக்கும் நட்டஈடு பெற வழிசெய்தது. பசுவின் முறைப்பாடு வழக்காக ஏற்கப்படுவதற்கு இத்துணை காலம் சென்றது.

ஆயினும் வாயிலிலே நிற்கும் காவலன் இன்னும் அகலவில்லை. அவன் பெயர் தவறு. காயப்பட்டவர் சாரதியின் கவலையீனத்தை நிறுவினாலன்றி நட்டஈட்டுக்கு உரித்துடையவராகார். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியுள்ளமை உண்மையே. எனினும் தீர்ப்புக்கு முன்னரே கம்பனி இணங்கிக் கொடுத்தாலொழிய, காப்புறுதி செய்தவருக்கு எதிராகத் தீர்ப்புப் பெறப்பட்ட பின்னரே அதனைச் செலுத்தும் கடமை சட்டப்படி கம்பனிமீது சுமத்தப்படுகின்றது. பாதசாரியிடமும் தவறு இருப்பின் அதன் அளவுக்கு ஈடு குறைக்கப்படும். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் கொணர்ந்த இவ்விதி, முன்னைய நிலையிலும் நியாயமானதே. இருதரப்பின் தவறையும் ஒரே தராசில் இடுவது தோற்றத்திலே சமத்துவம்போலும் காணப்படுகின்றது.

இத்தராசுதான் ஐயத்துக்குரியது. திருத்தும் நீதியைப் பற்றிப் பேசும் அரிஸ்டோட்டில், ஊறு செய்தவரும் ஊறுபட்டவரும் எத்தகையோர் என்று பாராது, அவர்களைச் சமமாகக் கொண்டு, விளைந்த ஊறின் அளவை மட்டுமே சட்டம் நோக்கும் என்றார். மன்றிலே இது பொருந்தும். வீதியிலோ அவ்விருவரும் சமமானவர் அல்லர். பல தொன் எடையுள்ள பஸ் வண்டியும், அறுபது கிலோ எடையுள்ள மனித உடலும் மோதுகின்றன. வேகம் இருமடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்காகின்றது. சாரதி ஒரு கணம் கண்ணயர்ந்தால் மாய்வது பெரும்பாலும் பிறர். பாதசாரி ஒரு கணம் கவனம் தவறினால் மாய்வது அவரே. முன்னையது பிறரை ஆபத்துக்கு உள்ளாக்கும் தவறு. பின்னையது தன்னையே ஆபத்துக்கு உள்ளாக்கும் தவறு. இரண்டையும் கவலையீனம் என்னும் ஒரே சொல்லால் அழைப்பதனாலேயே அவை ஒரே தன்மையன ஆகிவிடா. குழந்தையும் முதியவரும் பார்வை குன்றியவரும் நடந்து செல்லும் வீதியில், என்றுமே வழுவாத கவனத்தை அனைவரிடத்தும் எதிர்பார்ப்பது மனித இயல்பை மறுப்பதாகும்.

பிரான்சு தேசத்தின் 1985ஆம் ஆண்டு யூலை 5ஆந் திகதிச் சட்டம் இவ்வேற்றுமையை ஏற்றுக்கொண்டது. வாகனத்தினால் உடலூறு பட்ட பாதசாரியின் தவறு, மன்னிக்கவொண்ணாததாயும் விபத்துக்கு ஏக காரணமாயும் இருந்தாலன்றி, அவர்தம் நட்டஈட்டைத் தடுக்காது. பதினாறு வயதுக்குக் குறைந்தோருக்கும் எழுபது வயதைக் கடந்தோருக்கும் அத்தடைகூட இல்லை. அவர் வேண்டுமென்றே ஊற்றைத் தேடியிருந்தாலன்றி ஈடு கிடைத்தே தீரும். இச்சட்டத்தைக் கொணர்ந்த நீதியமைச்சர் றொபேட் படந்தேர், 1981இல் அந்நாட்டின் மரண தண்டனையை ஒழித்த அதே மனிதர். தலை துணித்தலை நிறுத்தியவரே சிதைந்ததைச் சீராக்கும் சட்டத்தையும் இயற்றுவித்தார் என்பது தற்செயலாகவும் இருக்கலாம். எல்லாளனின் அமைச்சர்கள் இதனைக் கேட்டு வியந்திருக்கமாட்டார்கள். அயலிலுள்ள இந்தியாவும் 1982ஆம் ஆண்டின் திருத்தமொன்றினால், எவரது தவறையும் நிறுவாமலே மரணத்துக்கு 15,000 ரூபாவும் நிரந்தர அங்கவீனத்துக்கு 7,500 ரூபாவும் பெறலாமென விதித்தது. தொகை சிறிதே, கொள்கை பெரிது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவன இரண்டு. தவறற்ற சாரதியைப் பணம் கொடுக்கச் செய்வது அநீதியென்பது ஒன்று. தவறின்றித் தண்டிப்பது அநீதியென்பதில் ஐயமில்லை. இளவரசன் கதையைப் படிப்போர் நெஞ்சு துணுக்குறுவதும் அதனாலேயே. ஆனால் நட்டஈடு தண்டனையன்று. வாகனம் தரும் பயனை நுகர்பவர், அவ்வாகனம் வீதிக்குக் கொண்டுவரும் ஆபத்தின் செலவையும் ஏற்றல் வேண்டும் என்பதே இங்குள்ள நியாயம். அவர் வறியவராக இருக்கலாம். தவணைக் கடனில் முச்சக்கரவண்டி வாங்கியவர் அடிபட்டவரிலும் செல்வந்தராக இருப்பதில்லை. அதன்பொருட்டே காப்புறுதி உளது. பல இலட்சம் வாகன உரிமையாளரிடையே சிறிது சிறிதாகப் பகிரப்படும் சுமை, பகிரப்படாவிடின், கால் முறிந்த ஒருவரின் குடும்பத்தின்மீது முழுவதுமாக இறங்குகின்றது. சுமை மறைவதில்லை, இடம் மாறுகின்றது. அவ்வளவே. மற்றைய வாதம், தவறு நோக்காது ஈடு கொடுத்தால் பாதசாரிகள் கவனமின்றி நடப்பர் என்பது. நட்டஈட்டை நம்பி எவரும் பஸ் வண்டியின் முன்னே கால் வைப்பதில்லை. தம் எலும்பைக் காக்கும் அக்கறை எச்சட்டத்திலும் வலியது.

உரித்து எதுவாயினும் அதனைக் கோரும் வழி வேண்டும். மகாவம்சத்தின் மணி அரசனின் கட்டில் தலைமாட்டில் இருந்தது; ஆயினும் அதிற் பிணைத்த கயிறு நீளமானது. பசுவுக்கு எட்டியது. இந்நாட்டில் ஆண்டுதோறும் வீதி விபத்துக்களில் இறப்போர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர்; அவர்களுட் கணிசமானோர் பாதசாரிகள். சாரதி நீதவான் நீதிமன்றத்திற் குற்றவாளியாகக் காணப்பட்டால் அவர் கட்டும் தண்டப்பணம் அரசைச் சேரும். நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வேறு வழக்குத் தொடுத்தல் வேண்டும். அதற்குரிய காலவெல்லை இரண்டு ஆண்டுகள். இவ்வேறுபாட்டைத் தெரியாதோர், நீதவான் நீதிமன்ற வழக்கு முடியட்டும் எனக் காத்திருந்தே அவ்வெல்லையைக் கடந்துவிடுகின்றனர். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு வறியோருக்காக வழக்காடும். எனினும் ஆணைக்குழுவைத் தேடிச் செல்லவேண்டியவர் வைத்தியசாலையிற் படுத்திருப்பவர். அல்லது அவருக்குச் சோறு கொண்டுசெல்லும் மனைவி.

அந்நாட்களிலேதான் மறுதரப்பினர் வருவர். கையிற் சில ஆயிரம் ரூபாவும் பழங்களும் இருக்கும். பேச்சிற் பணிவும் இருக்கும். வழக்கு வேண்டாம், சமாதானமாக முடிப்போம் என்பர். நாட்கூலிக்காரரின் வீட்டில் அன்று அரிசி இல்லை. அவர் கையொப்பம் இடுகின்றார். பின்னொரு நாள் முறிந்த கால் நேராகப் பொருந்தவில்லையென்றும், இனிப் பாரம் தூக்க இயலாதென்றும் வைத்தியர் கூறும்போது, முழுதும் பெற்றுக்கொண்டதாகக் கூறும் அக்கடதாசி அவருக்கு எதிராக நீட்டப்படும். சம்மதம் என்பது தெரிவு செய்ய இயலுமானவரின் செயல். ஆகவே விபத்து நிகழ்ந்து சில மாதங்களுக்குள், சட்ட ஆலோசனையின்றிப் பெறப்பட்ட இத்தகைய உடன்படிக்கைகளை ஊறுபட்டவர் கைவிட உரிமை அளிப்பதும், சட்ட உதவி உத்தியோகத்தர் ஒருவர் விபத்து விடுதிகளுக்கு நேரிற் செல்வதும், தவறு நிறுவப்படும்வரை காத்திராது மருத்துவச் செலவையும் இழந்த கூலியையும் காப்புறுதிக் கம்பனி உடன் கொடுப்பதும் இங்கு வேண்டற்பாலன. யாருடைய தவறு என்னும் விசாரணை அதன்பின் ஆறுதலாக நடைபெறலாம்.