கடனட்டையும் கடைக்காரர் தர்மமும்

ஒரே பொருளுக்குக் காசு கொடுப்பவரிடம் ஒரு விலையும், கடனட்டையை நீட்டுபவரிடம் இன்னொரு விலையும் சொல்லும் சிறு கடைக்காரரை நாம் எளிதில் 'கொள்ளைக்காரன்' என்று ஏசிவிடுகிறோம். அவ்வாறு மேலதிகக் கட்டணம் அறவிடுதல், வங்கியோடு அவர் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு முரணானதென்று எமது மத்திய வங்கியும் அறிவுறுத்தியிருக்கிறது. உடன்படிக்கை அவ்வாறிருக்கட்டும்; அறம் யாது?

அட்டையால் ஆயிரம் ரூபா செலுத்தப்படும்போது கடைக்காரரின் கணக்கில் ஆயிரம் ரூபா சேர்வதில்லை. அட்டை வழங்கிய வங்கிக்கு ஒரு பகுதி, அட்டை நிறுவனத்துக்கு ஒரு பகுதி, கடையில் இயந்திரம் வைத்த வங்கிக்கு ஒரு பகுதி என்று கழிந்துபோகிறது. இது புதிய வழக்கமன்று. 1950 இல் நியூயோர்க்கில் டைனர்ஸ் கிளப் தோன்றியபோதே உணவகங்களிடம் நூற்றுக்கு 7 தரகாகப் பெறப்பட்டது. 1958 இல் பாங்க் ஒஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகர மக்களுக்கு, அவர்கள் கேளாமலே, ஏறத்தாழ 60,000 அட்டைகளைத் தபாலில் அனுப்பிற்று. ஊரெல்லாம் அட்டை பெருகிவிட்டால் கடைக்காரர் மறுக்க முடியாதல்லவா! இதனைச் சுயவிருப்பத்தின் பேரிலான ஒப்பந்தம் என்போர், பக்கத்துக் கடை அட்டையை ஏற்கும்போது சிறு வியாபாரிக்கு எத்தகைய விருப்பம் எஞ்சியிருக்கிறது என்பதையும் கூற வேண்டும். பெரும் அங்காடிகள் பேரம் பேசி வீதத்தைக் குறைத்துக்கொள்ளும். சின்னக் கடைக்கு அந்தப் பலம் ஏது?

அவர் உடன்படிக்கைக்குப் பணிந்தால், கட்டணத்தை எல்லாப் பொருள்களின் விலையிலும் கரைத்துவிடுவார். அப்போது எவரும் அவரை ஏசுவதில்லை. ஆனால், அட்டையையே கண்டிராத கூலித் தொழிலாளி வாங்கும் பருப்பிலும் சீனியிலும் அக்கட்டணம் ஒளிந்திருக்கிறது. அட்டைக்காரர் பெறும் பரிசுப் புள்ளிகளுக்கும் தள்ளுபடிகளுக்கும் அவனும் பங்கு செலுத்துகிறான். 2010 இல் ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்டன் மத்திய ஒதுக்க வங்கியைச் சேர்ந்த ஆய்வாளர் மூவர் இதனைக் கணக்கிட்டுப் பார்த்தனர். காசு பயன்படுத்தும் குடும்பம் ஆண்டுக்குச் சராசரி 149 டொலரை இழக்க, அட்டை பயன்படுத்தும் குடும்பம் 1,133 டொலரைப் பெறுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஏழை செல்வந்தனுக்கு அளிக்கும் மானியம்! எமது நாட்டில் தொகை வேறாகலாம்; பொறிமுறை வேறன்று.

காசைக் கையாள்வதற்கும் செலவுண்டு, எண்ணுவதும் காப்பதும் இலேசல்ல என்று சிலர் ஆட்சேபிப்பர். மெய்தான். எனினும் அச்செலவைக் கடைக்காரர் தாமே சுருக்கிக்கொள்ளலாம். அட்டைக் கட்டணத்தையோ பிறர் நிர்ணயிக்கின்றனர்.

ஆகவே, மறைத்து எல்லோரிடமும் எடுப்பதிலும், வெளிப்படையாக உரியவரிடம் எடுப்பதே நேர்மைக்குக் கிட்டியது என்று கருதுகிறோம். வங்கி கழிப்பதற்கும் மேலாக அறவிட்டுப் பையை நிரப்புபவர் இந்த நியாயத்துள் அடங்கார். கூடுதற் கட்டணத்துக்கு இருந்த தடையை 2003 இல் நீக்கிய அவுஸ்திரேலியா, இத்தகையோரின் பேராசையாலேயே 2016 இல் அதற்கு வரம்பிட நேர்ந்தது.

ஐரோப்பிய ஒன்றியமோ நோயின் மூலத்திலேயே கைவைத்தது. வங்கிகள் தமக்குள் பெறும் கட்டணத்தை 2015 இல் பற்று அட்டைக்கு நூற்றுக்கு 0.2 ஆகவும், கடனட்டைக்கு 0.3 ஆகவும் அது சட்டத்தால் மட்டுப்படுத்திற்று. அங்கே வங்கிகள் இழுத்து மூடப்படவில்லை, அட்டைகளும் மறைந்துவிடவில்லை.